ஐந்து நாள் கட்டு

முகத்தைத் துடைத்துவிட வந்த நர்ஸ், துடைத்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. வேம்புவின் நெற்றி, புருவம், மூக்கின் ஓரம், உதடு என்று விரல்களால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். நர்ஸின் வாயையும் மூக்கையும் துணி மூடியிருந்தது.

"என்னங்க சிஸ்டர், அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் வேம்பு. விரல்கள் தாடைக்கு இறங்கின.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு மாடியில் அந்த கிளினிக் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருடம். பீங்கான் கம்பெனிச் சூளைக்கு எதிரே பதினெட்டு வருடம் நின்றதில் வேம்புவின் கன்னங்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. மகள் பூர்ணிமாவைப் பெண் பார்க்க வந்த பெண்ணாடத்துக்காரர்கள், வேம்புவைக் காட்டி, "பொண்ணோட பாட்டிங்களா?" என்று கேட்டார்கள். கணவன் ஆதிநாராயணன் திருத்தவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆறவில்லை.

டாக்டர் மூன்று வழி சொன்னார். "ஆசிட் தடவுனா தோலு உரியும், பல தடவ வரணும். மிசின்ல தேச்சா ரத்தம் வரும். லேசர்னா ஒரே தடவ. ஆனா அஞ்சு நாளு கட்டோட இங்கயே இருக்கணும்."

"லேசரே வச்சிடுங்க" என்றாள்.

கண்களில் உலோக மூடி வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினார்கள். மரத்துப்போக ஊசி. பிறகு தலைமாட்டில் ஏதோ பூச்சி விட்டுவிட்டுக் கத்துவதுபோன்ற சத்தமும், முடி கருகும் வாசனையும். கருகுவது தன் முகம்தான் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. முடிந்ததும் கண்ணோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, மூச்சுக்கும் பால் குடிக்கும் உறிஞ்சுகுழாய்க்கும் மட்டும் இடம் விட்டார்கள்.

காலையில் கம்பெனிச் சங்கு ஊதும்போதெல்லாம் ஒரு நாள் என்று எண்ணிக்கொண்டாள். நர்ஸ் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. இரண்டாம் நாள் அவள் தொண்டையைச் செருமினாள். மூன்றாம் நாள் பால் கொண்டுவரவில்லை. கேட்கலாமென்றால் வேம்புவுக்கு உதடு பிரியவில்லை. கட்டு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள், காதருகே, மிக மெல்லிய குரல்.

"என்னங்க சிஸ்டர், அப்படிப் பாக்குறீங்க?"

வேம்புவின் குரல்.

எழுந்து ஓடப் பார்த்தாள். கதவு வெளியே பூட்டியிருந்தது. தட்டினாள். கை வீங்கும்வரை தட்டினாள். யாரும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கதவுக்கு அந்தப் பக்கம் ஆதிநாராயணன்.

"அடியே வேம்பு! அடையாளமே தெரியல! இருவது வயசு கொறஞ்ச மாதிரி இருக்குதே!"

"போதுங்க, வூட்டுக்குப் போலாம் வாங்க. பூர்ணிமா தனியா இருக்கும்" என்றது வேம்புவின் அதே குரல்.

"உள்ள யாரோ கதவத் தட்டுறாங்களே?"

"வேற பேஷண்டுங்க. பாவம்."

படியிறங்கும் செருப்புச் சத்தம். இரண்டு பேர். சிரிப்பு.

வேம்பு கத்தினாள். சத்தம் தொண்டைக்குள்ளேயே நின்றது.

கட்டைப் பிய்த்தாள். சுற்றுச் சுற்றாக. கடைசிச் சுற்றும் விழுந்தது.

வெளிச்சம் வரவில்லை.

விரல்களால் தேடினாள். புருவம் இல்லை. இமை இல்லை. உதடு இல்லை. மூச்சுக்கு இரண்டு துளைகள். மற்றபடி நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே தோல். வழவழவென்று. இளசாக.

அதற்கடியில், விரல்நுனிகளுக்குக் கீழே, அவளுடைய இரண்டு கண்களும் உருண்டுகொண்டிருந்தன.