அரிசி டின்னுக்குள் ஓர் உறுமல்

கல்யாண் ரயில் நிலையத்தின் மூன்றாவது பிளாட்பாரத்தில் ஓவியின் அம்மாவுடைய போன் திருடு போனபோது மணி காலை ஒன்பதே கால். ஓவிக்கு அது தெரிந்தபோது மணி மாலை ஐந்து. பள்ளி விட்டு வந்து பையை வைத்தவள், அம்மா கட்டிலில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அம்மா வெறுமனே உட்காருகிற ஆளே கிடையாது.

அம்மா சுனந்தா நகராட்சியின் சுகாதாரப் பணியாளர். ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று அந்தப் போனில்தான் பதிந்து வைத்திருந்தாள். அந்த விவரங்களை ஒப்படைக்கப் போகும் வழியில், ரயில் ஏறும் நெரிசலில் யாரோ கைப்பைக்குள் கைவிட்டுவிட்டார்கள்.

"போலீஸ்ல சொன்னியா?" என்று கேட்டாள் ஓவி.

"ரயில்வே போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு. கிடைச்சா கூப்பிடறோம்னாங்க."

"கூப்பிட்டாங்களா?"

"எந்தப் போனுக்குடி கூப்பிடுவாங்க?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்த கண்களில் நீர் நின்றது.

ஓவி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே, அவள் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் ஜயவந்த் காகா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"காகா, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்க. அம்மா நம்பருக்கு அடிச்சுப் பார்க்கறேன்."

"அடிச்சு என்ன புண்ணியம்? திருடன் முதல் காரியமா அதை அணைச்சிருப்பான்."

"அதை அணைக்க முடியாது காகா. பக்கத்துல இருக்கிற பொத்தான் உடைஞ்சு போச்சு. ஹேர்பின்னால குத்தினாத்தான் அணையும். அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

காகா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனைக் கொடுத்தார்.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மீண்டும் அடித்தாள். ஐந்தாவது தடவை யாரோ எடுத்தார்கள். குரல் வரவில்லை. குட்டிக் குட்டியாக மூச்சு மட்டும் கேட்டது.

'திருட்டுப் பயலே!' என்று கத்தத்தான் ஓவி வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது.

"நீ எலியா?"

ஓவி திறந்த வாயை மூடினாள்.

"இல்ல, நான் ஒரு அக்கா. நீ யாரு?"

"சகுலி. எனக்கு நாலு வயசு. கோழிக்கு அரிசி எடுக்க வந்தேன். டின்னுக்குள்ள ர்ர்ர்... ர்ர்ர்னு உறுமிச்சு. எலின்னு நினைச்சேன். பார்த்தா போன்!"

காகா ஓவியின் காதருகே குனிந்தார். "வீடு எங்கேன்னு கேளு! போலீஸ் வரும்னு மிரட்டு!"

ஓவி உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். மிரட்டினால் இந்தக் குழந்தை போனைப் போட்டுவிட்டு ஓடிவிடும்.

"சகுலி, வீட்ல யாரு இருக்காங்க?"

"அம்மா குழாயடிக்குப் போயிருக்கா. கிஸன் மாமா ராத்திரிதான் வருவாரு. காலைல வந்தாரு, இந்த டின்னுல கையை விட்டாரு. நான் பார்த்துட்டேன்." குரல் தணிந்தது. "தொட்டேன்னு தெரிஞ்சா மாமா அடிப்பாரு. நீ சொல்லிடாத அக்கா."

"சொல்ல மாட்டேன். உங்க வீடு எங்க இருக்கு?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"இங்கதான் அக்கா! ஆடு கட்டியிருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல."

காகா தலையில் அடித்துக்கொண்டார். ஓவி யோசித்தாள். நான்கு வயதுக் குழந்தைக்கு முகவரி தெரியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் முழுக்கப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். கொடுத்த வீட்டுச் சுவரில் எல்லாம் குழுவின் எண்ணையும் வீட்டின் எண்ணையும் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள்.

"சகுலி, உங்க வாசல் சுவத்துல வெள்ளையா ஏதாவது கிறுக்கியிருக்கா?"

"சொட்டு மருந்து அக்கா கிறுக்கினாங்க. நான் இல்ல."

"சரி, நீ இல்ல. அது எப்படி இருக்கு? போய்ப் பார்த்துச் சொல்லு."

தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"மேல ஒரு நாற்காலி. தலைகீழா விழுந்துடுச்சு."

ஓவி காகாவின் கணக்குச் சீட்டின் பின்புறம் 4 என்று எழுதினாள்.

"அதுக்குக் கீழே?"

"ஒரு வாத்து. பக்கத்துல ரெண்டு லட்டு. ஒரு லட்டு மேல இன்னொரு லட்டு."

28 என்று எழுதினாள் ஓவி.

"கெட்டிக்காரி! இப்ப போனை எடுத்த இடத்துலயே வச்சிடு. மேல கொஞ்சம் அரிசியைப் போட்டு மூடிடு. மறுபடி உறுமினா எடுக்காதே. சரியா?"

"சரி அக்கா. எனக்குப் பசிக்குது."

"அம்மா வந்ததும் கேளு."

சீட்டைப் பார்த்ததும் அம்மா எழுந்துவிட்டாள். "நாலாவது குழுன்னா என்கூட வேலை பார்க்கிற உஜ்வலாவோடது. அவங்க போனது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பம்ப் ஹவுஸ் சந்து."

"அப்புறம் என்ன? போலீஸைக் கூட்டிக்கிட்டு நேரா போவோம்," என்றார் காகா.

"வேண்டாம் காகா," என்றாள் ஓவி. "டின்னுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. சகுலி பேர் வெளிய வரும். அவளை மாட்டிவிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"சொன்னா என்ன? வாத்து, லட்டுன்னு சொல்ற குழந்தைதானே?"

"வாக்குக் கொடுத்தது நான்தானே காகா?"

ஓவி தன் யோசனையைச் சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, வேலைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள்.

இருட்டுவதற்குள் மூவரும் பம்ப் ஹவுஸ் சந்துக்குப் போய்விட்டார்கள். ஆடு கட்டியிருந்தது. பக்கத்துச் சுவரில் 4, அதன் கீழே 28. ஓவியும் காகாவும் ஜன்னலோரம் நின்றுகொள்ள, அம்மா மட்டும் உள்ளே போனாள்.

"சொட்டு மருந்து எல்லாருக்கும் கிடைச்சுதான்னு பார்த்துட்டுப் போறேன்மா. பாப்பா, விரலைக் காட்டு. ஆங், மை இருக்கே!"

"போன ஞாயித்துக்கிழமையே போட்டாச்சு அக்கா," என்றாள் சகுலியின் அம்மா கமல். "உட்காருங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

அம்மா இருமினாள். அதுதான் பேசி வைத்த சைகை. வெளியே ஓவி எண்ணை அழுத்தினாள்.

ர்ர்ர்... ர்ர்ர்...

"ஐயோ, எலி!" என்று கமல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"எலி இப்படி விட்டு விட்டு உறுமாதேம்மா," என்றாள் அம்மா. சகுலி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கமல் டின்னை எடுத்து அப்படியே முறத்தில் கவிழ்த்தாள். அரிசியோடு போனும் விழுந்தது. திரையில் 'ஜயவந்த் காகா' என்ற பெயர் மின்னியது.

"இது என் போன்," என்றாள் அம்மா. "இன்னைக்குக் காலைல ஸ்டேஷன்ல திருடு போச்சு. கூப்பிடறது எங்க பக்கத்து வீட்டுக்காரர். வெளியதான் நிக்கறார்."

கமல் முறத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"இது என் தம்பி வேலை. எனக்குத் தெரியாது அக்கா. இந்தப் பிள்ளை மேல சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா டின்னைக் கவுத்திருக்க மாட்டீங்க," என்றாள் அம்மா. அரிசியை ஊதிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். "ஆனா நான் போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். போன் எங்க கிடைச்சதுன்னு நாளைக்குக் காலைல நான் சொல்லித்தான் ஆகணும்."

"நீங்க சொல்லுங்க. அவன் காதைப் பிடிச்சு நானே கூட்டிட்டு வர்றேன்."

வருவாளா என்று காகாவுக்குச் சந்தேகம். "தம்பியாச்சே, மறைச்சிடுவா," என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். அம்மா நடந்துகொண்டே போனைத் திறந்து, தன் பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். ஒரு பெயரும் குறையவில்லை.

மறுநாள் காலை ரயில்வே போலீஸ் நிலையத்துக்கு அம்மாவும் ஓவியும் போனபோது, கமல் அவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். பெஞ்சின் ஓரத்தில் அவள் தம்பி கிஸன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மேஜையில் இன்னும் இரண்டு போன்களும் ஒரு இயர்போனும் கிடந்தன. எல்லாவற்றையும் அவனே எடுத்துக் கொடுத்தானாம். போலீஸ்காரர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, பறிகொடுத்தவர்களைத் தேட ஆள் அனுப்பினார். அவன்மேல் வழக்கு எழுதினார்கள். கமல் தடுக்கவில்லை. தம்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

அம்மா கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை.

"என்கிட்ட பேனா இருக்கும்மா," என்றாள் ஓவி.

கமலின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற சகுலி சட்டென்று திரும்பினாள். ஓவியை மேலும் கீழும் பார்த்தாள். மெதுவாகப் பக்கத்தில் வந்து, குனியச் சொல்லிச் சைகை காட்டினாள். ஓவி குனிந்ததும் காதுக்குள் கேட்டாள்.

"நீதானே போனுக்குள்ள இருந்த அக்கா?"

"ஆமாம்."

சகுலியின் கண்கள் விரிந்தன.

"எப்படி வெளிய வந்த?"