வட்டப்பாரில் மூழ்கிய ஒயின்

“நங்கூரத்தைத் தூக்கு, மாப்ள! கச்சான் காத்து எழும்புறதுக்குள்ள போய்ச் சேரணும்!”

தொம்மை சுக்கானைப் பிடித்தபடி கத்தினான். கஸ்பார் கயிற்றை இழுத்து நங்கூரத்தை வள்ளத்துக்குள் போட்டான். இன்ஜின் உறுமியது. கரையில் கூடியிருந்த தூத்துக்குடி மக்கள் கை தட்டினார்கள்.

“புதையலோட வாங்கவே!” என்று யாரோ கூவினார்கள்.

கஸ்பார் கரைப்பக்கம் திரும்பவே இல்லை.

வள்ளத்தில் நான்கு பேர் இருந்தார்கள். சங்கு குளிக்கும் கஸ்பார். அவன் மனைவியின் அண்ணனும் வள்ளத்தின் சொந்தக்காரனுமான தொம்மை. பழைய ஒயின் வாங்கி விற்கும் மெல்வின். நான்காவது ஆள் புதுச்சேரியிலிருந்து வந்திருந்த யூஜினி. வெளிநாட்டு ஏலத்துக்குப் போகும் ஒயின் புட்டிகள் அசலா போலியா என்று சோதித்துச் சொல்வது அவள் தொழில். அவள் கையெழுத்து விழுந்தால் ஒரு புட்டி லட்சங்களுக்குப் போகும்!

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வட்டப்பார் என்ற பாறைத்திட்டில் மோதி மூழ்கியது. அதன் வயிற்றில் ஒயின் பெட்டிகளைக் கஸ்பார் கண்டுபிடித்தான் என்று செய்தித்தாளில் படத்தோடு வந்திருந்தது.

கப்பல் மூழ்கியது உண்மை. ஒயின் பெட்டிகள்தான் பொய்!

எட்டு மாதத்துக்கு முன் அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தவனே கஸ்பார்தான். “கடலுக்கடியில வெச்சா ஒயின் நல்லாப் பதமாகும்” என்று மெல்வின் முதலில் சொன்னபோது அவன் நம்பினான். புட்டிகளின் மேல் சிப்பிகளைப் பசை வைத்து ஒட்டச் சொன்னபோது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் ஒட்டினான். கிடைத்த பணத்தில் வீட்டுக்குத் தளம் போட்டான். மனைவி ரீத்தாளிடம் சங்கு நல்ல விலைக்குப் போனது என்றான்.

“கஸ்பார் அண்ணே, நீங்க ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?” யூஜினி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஒண்ணுமில்ல மேடம். நீவாடு எப்படி இருக்குன்னு பாக்குதேன்.” கடலின் அடியோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள்.

அவள் காற்றுச் சிலிண்டரின் முள்ளைச் சரிபார்த்தபடி சொன்னாள். “எங்க அப்பா ஒயின் கடை வெச்சிருந்தாரு. ரொம்பப் பழைய சரக்குன்னு ஒரு ஏஜென்ட் குடுத்ததை நம்பி ஒரு கல்யாண வீட்டுக்கு வித்தாரு. உள்ள இருந்தது சாயம் கலந்த மட்டமான ஒயின். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. ஆனா ஊரே அவரைத்தான் திருடன்னு சொல்லுச்சு. அப்புறம் அவரு கடை ஷட்டரைத் தூக்கவே இல்ல. அதனாலதான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.”

“அப்படியா மேடம்” என்றான் கஸ்பார்.

“ஒயின் எனக்குத் தெரியும். முங்கவும் பழகியிருக்கேன். ஆனா இந்தக் கடல் தெரியாது. அதைப் பத்தி நீங்க சொல்றதைத்தான் அப்படியே எழுதப்போறேன்.”

மெல்வின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கஸ்பாரைப் பார்த்துப் புன்னகைத்தான்.

வட்டப்பாருக்கு மேலே நங்கூரம் விழுந்தது. ஆழம் ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி. யூஜினி சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கஸ்பார் வள்ளத்திலிருந்த கம்ப்ரசரின் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான்.

கலங்கிய பச்சைத் தண்ணீர்! அதற்குள் கப்பலின் விலாக்கட்டைகள் பெரிய மீனின் முள்ளைப் போல நின்றன. இரண்டு பெட்டிகளைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். மூன்றாவது பெட்டி சாய்ந்த உத்தரம் ஒன்றின் அடியில் இருந்தது. ‘வேண்டாம், போகாதீர்கள்!’ என்று கஸ்பார் கையை ஆட்டினான். அதற்குள் அவள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து நீவாடு திரும்பியது! மணல் புகை போல எழும்பியது. உத்தரம் முனகிச் சரிந்தது. யூஜினியின் கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. அவள் சிலிண்டரின் கழுத்து ஏதோ கயிற்றில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்கக் கயிறு இறுகியது.

கஸ்பார் பாய்ந்தான். அவன் காற்றுக் குழாய் விறைத்துப் பின்னுக்கு இழுத்தது. நீளம் போதவில்லை! ஒரு நொடி யோசித்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். குழாயைத் துப்பினான். இருட்டுக்குள் நுழைந்தான்.

கை தடவியதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நைலான் கயிறு! பெட்டி நீவாட்டில் போய்விடாமலிருக்க அவனே போட்ட முடிச்சு! காது அடைத்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கத்தியால் அறுத்தான், அறுத்தான்... கயிறு தெறித்தது! அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து மேல்நோக்கி உதைத்தான். வரும்போதே அறுந்த கயிற்றைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். யூஜினி கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

தொம்மை இருவரையும் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டான். யூஜினி இருமினாள், நடுங்கினாள். பிறகு கஸ்பாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இல்லேன்னா நான் செத்திருப்பேன் அண்ணே! என்ன சிக்குச்சு அது?”

“ஏதாவது பழைய வலையா இருக்கும் மேடம்” என்றான் மெல்வின் அவசரமாக.

அவள் பிடித்திருந்த கையைக் கஸ்பார் மெல்ல விடுவித்துக்கொண்டான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்த நன்றியை அவனால் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து கயிற்றை உருவினான். நிறம்கூட மங்காத நீல நைலான் கயிறு.

“வலை இல்ல மேடம். நான் கட்டுன கயிறு. பெட்டியை வெச்சதும் நான்தான். சிப்பி ஒட்டுனதும் நான்தான்.”

தொம்மை கம்ப்ரசரை அணைத்தான். “என்னலே சொல்லுத? எந்த வள்ளத்துல கொண்டு வந்த?”

“உங்க வள்ளத்துலதான் மச்சான். சங்கெடுக்கப் போறேன்னு சொல்லி...”

“பைத்தியம் உளறுது!” என்று எழுந்த மெல்வின் சட்டென்று ஒரு பெட்டியைக் காலால் தள்ளினான். அது கடலில் விழுந்தது! இரண்டாவதன் மேல் கை வைப்பதற்குள் தொம்மை அவனை மடக்கிப் பலகையில் அழுத்தினான். விழுந்த பெட்டியும் சாட்சிதான் என்று கஸ்பார் மறுபடி குதித்தான். களைத்த நெஞ்சு வலித்தது. அடியில் உடைந்து கிடந்த பெட்டியிலிருந்து முழுதாக இருந்த ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தான்.

யூஜினி அதன் மேலிருந்த சிப்பியைக் கத்தி முனையால் நெம்பினாள். அடியில் மஞ்சளாகப் பசை! அவள் கஸ்பாரை ஏறிட்டும் பார்க்கவில்லை. மெல்வினைப் பலகையோடு கட்டிவிட்டுத் தொம்மை வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான்.

துறையில் மேளம் அடித்தார்கள்! ரீத்தாள் புதுச்சேலை கட்டி, கையில் மாலையோடு முன்னால் நின்றாள்.

“நான் சொல்லவா?” என்று யூஜினி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“வேண்டாம் மேடம். எங்க ஊரு. நான்தான் சொல்லணும்.”

கஸ்பார் இறங்கி மேளக்காரரைக் கையமர்த்தினான். “புதையல் எதுவும் இல்ல. துட்டு வாங்கிட்டு நான் செஞ்ச திருட்டு வேலை இது. மேடத்தையும் எங்க மச்சானையும் உங்களையும் ஏமாத்திட்டேன்” என்றான். யாரோ காறித் துப்பினார்கள். ரீத்தாள் மாலையைக் கீழே போடவில்லை. சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுப்பக்கம் நடந்தாள். மூச்சு முட்டிய அந்த இருட்டே இதற்குத் தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். பிடிபட்ட மெல்வினின் கிடங்கிலிருந்து இதே போலப் பல புட்டிகள் சிக்கின; ஏலத்துக்குப் போகவிருந்த சரக்கு நின்றது. “கூப்பிடும்போது வரணும், வழக்கு இருக்கு” என்று சொல்லி அவனை அனுப்பினார்கள். வாசலில் யூஜினி நின்றிருந்தாள்.

“உங்களை என்னால மன்னிக்க முடியல” என்றாள். “ஆனா எங்க அப்பாவுக்கு அந்தப் புட்டியைக் குடுத்த ஆளு கடைசிவரைக்கும் வாயைத் திறக்கல. நீங்க திறந்தீங்க.” காரில் ஏறிப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். கஸ்பாருக்கு லேசாகவில்லை. ஆனாலும் இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது மட்டும் இருந்தது.

பொழுது சாயும் நேரம். சாலையின் எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியில் தொம்மை தனியாகக் குந்தியிருந்தான். கஸ்பார் போய்த் தள்ளி நின்றான். தொம்மை எழுந்து வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினான்.

“இனிமே வள்ளத்தை உன்னய நம்பித் தர மாட்டேன்.”

“தர வேண்டாம் மச்சான்.”

“நாளைக்கு வெள்ளன வந்து சேரு. என் கண்ணு முன்னால, என்கூட வந்து சங்கெடு.”

தொம்மை முன்னால் நடந்தான். பத்தடி பின்னால், தலையைக் குனிந்தபடி கஸ்பாரும் நடந்தான்.