வெரினாவும் ஒரு மீன் குழம்புக் கறையும்

"மிஸ், தனியாவா? அந்த பாஸ்கூட டேபிள் ஷேர் பண்ணிக்கிறீங்களா? இன்னைக்கு ஃபுல் லா..." என்றான் பரிமாறும் பையன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை மதியம். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் நிற்கக்கூட இடமில்லை. வெளியே மழை வேறு... அக்காவின் கல்யாண ரவிக்கையை வாங்க கிள்ளானிலிருந்து வந்த பிரேமினி, வேறு வழியில்லாமல் அந்த மூலை மேசையில் உட்கார்ந்தாள்.

எதிரே ஒரு வெள்ளைச் சட்டை. குனிந்த தலை. போனுக்குள்ளேயே குடியிருப்பவன் போல!

தற்செயலாகத்தான் அந்தத் திரையைப் பார்த்தாள். 'ஆஷ்மார்' வீடியோ கேமுக்கு ரசிகர்களே எழுதித் திருத்தும் விக்கி தளம். நாயகி வெரினாவின் பக்கம். காலையில் பிரேமினியே எழுதிச் சேர்த்த பத்தி... அதை அழிக்கத்தான் அவன் விரல் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, டெலீட் பண்ணாதீங்க!"

கத்திய வேகத்தில் கை மீன் குழம்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் செக்கச்செவேலென்று ஒரு கறை!

அவன் நிமிர்ந்தான். கோபப்பட வேண்டிய கண்கள்... அகலமாய் விரிந்து சிரித்தன.

"அந்தப் பத்தியை எழுதுறது நீங்கதானா?"

"மூணு தடவை அழிச்ச அட்மின் நீங்கதானா?"

"கௌசிகன். செந்தூல்ல இருக்கேன். குழம்புக்கு முன்னாடியே பேரைச் சொல்லியிருக்கணும், சாரி."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். விடுவாளா என்ன? ஆறு பாகங்களிலும் வெரினா தனியாள். அலைவாள், சண்டை போடுவாள்... அவளுக்காக யாரும் காத்திருந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை, வேறொரு கம்பெனியின் கார் பந்தய கேமில் விருந்தாளியாகத் தலைகாட்டினாள். அங்கே ஒரு மெக்கானிக் தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தான். அந்தப் பாதி ரொட்டிக்காகத்தான் இத்தனை சண்டையும்.

"அது கேனன் இல்லங்க. வேற கம்பெனி கேம். அவளோட உண்மைக் கதையில சேராது."

"ஏன் சேராது? சாப்பிட்டது அவதானே?"

"அடுத்த பாகத்துல அதப் பத்தி ஒரு வார்த்தை பேசினாளா? அங்கேருந்து ஒரு பொருளாவது கொண்டு வந்தாளா? அப்பதான் கணக்கு. அதான் விக்கி ரூல்."

"ரூல் போட்டது யாரு?"

"நான்தான்..."

பாயசம் வரும்வரை விடாமல் வாதாடினார்கள். நடுவே, பேச்சு மும்முரத்தில் அவன் தன் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவள் இலையில் வைத்தான். வைத்ததே அவனுக்குத் தெரியாது. பிரேமினிக்குத்தான் சட்டென்று அந்தப் பாதி ரொட்டி ஞாபகம் வந்தது. இந்த இதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

எழுந்தபோது அவன் தயங்கினான்.

"உங்க நம்பர்..."

சரி என்று சொல்ல எவ்வளவு ஆசை! ஆனால் வாய் இருக்கிறதே...

"எதுக்கு? நான் கிள்ளான்காரி, இந்தப் பக்கம் வர்றதே இல்ல. இதுவும் கெஸ்ட் அப்பியரன்ஸ்தான். உங்க ரூல்படி கணக்குலயே இல்ல!"

அவன் முகம் வாடியது. அவள் மழையில் இறங்கி நடந்தாள். கோமுட்டர் ரயிலில் ஏறி விக்கியைத் திறந்தால்... பத்தியைக் காணோம். நான்காவது தடவை. ரோஷக்காரன்!

அவளுக்கும் ரோஷம் இருந்தது. திரும்ப எழுதவில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு வாரம்... இரண்டு வாரம்... அவ்வளவுதானா? உண்மையிலேயே கணக்கில் சேராமல் போய்விட்டதா?

மூன்றாம் சனிக்கிழமை காலை திறந்தவள் துள்ளி எழுந்தாள். பத்தி திரும்ப வந்திருந்தது! திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'ரூல் தப்பு. இன்று மதியம், அதே மேசை.'

அக்கா கூப்பிடக் கூப்பிட ரயிலுக்கு ஓடினாள்.

அதே மூலை. அதே வெள்ளைச் சட்டை. நெஞ்சில் மங்கிய மஞ்சளாய் அதே கறை...

"வேற சட்டையே இல்லையா?" மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இருக்கு. ஆனா அன்னைக்கு அங்கேருந்து வந்த பொருள் இது ஒண்ணுதான்." அவன் கறையைத் தொட்டுக் காட்டினான். "வெரினா பேசலன்னா நடக்கலன்னு முடிவு பண்ணிட்டேன். இந்த ரெண்டு வாரமா நானும் யார்கிட்டயும் ஒண்ணும் பேசல, பிரேமினி. ஆனா ஒரு நிமிஷம்கூட மறக்கல... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் பேர்! எப்படித் தெரியும்? விக்கியில் அவள் கணக்கைத் தேடிப் படித்திருக்கிறான், கள்ளன்!

வெட்கம் முகமெல்லாம் பரவ, பிரேமினி எதிரே உட்கார்ந்து, அவளுக்காகப் பரிமாறி வைத்திருந்த இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து உடைத்தாள். பாதியை அவன் இலையில் வைத்தாள்.

"இது கேனன் லா," என்றாள். "எழுதிக்கோங்க. இதையும் அழிச்சீங்க... அடுத்த கிண்ணம் தலையிலதான்!"