சக்கரம் தரையை விடும் நொடி

ஏழு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. எட்டாவது முறை குலுக்கலில் கொஹாருவின் பெயர் விழுந்தது. யமனாஷி மலைகளுக்கு நடுவே காந்த விசையில் மிதந்து ஓடும் சோதனை ரயிலில் மூன்று இருக்கைகள்.

ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவது, பெரியப்பா மகன் தைச்சிக்கு. அவனுக்குப் பன்னிரண்டு வயது. ரயில் என்றால் பைத்தியம்.

"உனக்கு எதுக்கு ஜன்னல் சீட்டு? நீதான் எதையும் பார்க்கப்போறதில்லையே?" என்றான், ரயிலில் ஏறியதும்.

கொஹாருவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "நீயே உட்காருண்ணா. எனக்கு வேற வேலை இருக்கு," என்றாள்.

"என்ன வேலை?"

"இந்த ரயில் முதல்ல ரப்பர் சக்கரத்துலதானே ஓடும்? வேகம் கூடினதும் தரையை விட்டு மிதக்கும். அந்த நொடியை நான் பிடிக்கப்போறேன்."

"அதெல்லாம் நடக்காது. எனக்கே திரையில வேகத்தைப் பார்த்தாதான் தெரியும். மணிக்குக் கிட்டத்தட்ட நூத்தைம்பது கிலோமீட்டர்ல மிதக்கும்."

"பார்க்கலாம்."

"பார்க்கலாமாம்," என்று அவன் சிரித்தான்.

பாதையின் இரு கோடிகளுக்கும் இடையே ரயில் நான்கு தடவை ஓடும். முதல் ஓட்டம் தொடங்கியது. கொஹாரு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று இரைச்சல் மாறியது. சட்டென்று கையை உயர்த்தினாள்.

"வெறும் தொண்ணூறு. மலையைக் குடைஞ்ச குகைக்குள்ள நுழைஞ்சிருக்கோம், அவ்வளவுதான்," என்றான் தைச்சி.

கொஹாருவின் முகம் சுருங்கியது. வேகம் ஐந்நூறைத் தொட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதும் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். குகை காதை ஏமாற்றுகிறது. எது ஏமாறாது?

ரயில் கோடியில் நின்றது. அவள் குனிந்து ஷூவைக் கழற்றினாள்.

"என்ன பண்றே? எல்லாரும் பார்க்கறாங்க, போட்டுக்கோ," என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"பார்த்தா பார்க்கட்டும்மா."

இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அம்மா பெருமூச்சு விட்டு, தன் கைப்பையை நகர்த்தி அதை மறைத்தாள்.

இரண்டாவது ஓட்டம். கொஹாரு இரு உள்ளங்கால்களையும் தரையில் அழுத்தி வைத்தாள். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடிபோலத் தரை நடுங்கியது. நடுக்கம் முழங்கால்வரை ஏறியது. குகை வந்தது. இரைச்சல் மாறியது. அவள் கையை உயர்த்தவில்லை. கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு, யாரோ பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டதுபோல எல்லாம் அடங்கியது.

"இப்ப," என்று கையை உயர்த்தினாள்.

தைச்சி திரையைப் பார்த்தான். "நூத்தைம்பத்தி ரெண்டு," என்றான் மெதுவாக. "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கொஹாருவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, தரையில இறங்கும்போதும் சொல்றேன்."

வேகம் குறைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "இப்ப," என்றாள். அதே நொடியில் சக்கரங்கள் தரையைத் தொட்ட அதிர்வு, உள்ளங்காலில் இருந்து தலைவரை ஓடியது.

அருகே நின்றிருந்த ரயில் பணிப்பெண் குனிந்தாள். "நான் இந்த வண்டியில ஆறு வருஷமா நிக்கறேன். இவ்வளவு சரியா எனக்கே சொல்ல வராது, கண்ணு."

மூன்றாவது ஓட்டத்திலும் கொஹாருவின் கை சரியாகவே உயர்ந்தது. தைச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான்காவது ஓட்டத்துக்கு முன்னால், ஷூக்கள் கழலும் சத்தம் கொஹாருவுக்குக் கேட்டது.

"அண்ணா?"

"கண்ணை மூடிக்கிட்டேன். எப்படின்னு சொல்லிக் கொடு."

"குதிகாலை மட்டும் வைக்காதே. முழுப் பாதத்தையும் அழுத்தி வை. காதை நம்பாதே."

ரயில் கிளம்பியது.

"இப்பவா?"

"இன்னும் இல்ல."

"இப்ப?"

"குகைண்ணா அது. பொறு."

நடுக்கம் ஏறியது, ஏறியது, பிறகு அடங்கியது. தைச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து உயர்த்தினான்.

திரையில் என்ன எண் இருந்தது என்று அவன் கண்ணைத் திறந்து பார்க்கவே இல்லை.