பாலத்துக்காரியின் நான்காவது வரி

மாடிப்படி ஏறுவதற்குள் வசனக்காரருக்கு மூச்சு வாங்கியது. பழைய வீடு. மேலே இரண்டு அறைகளை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு, பஞ்சின் மேல் கறுப்புத் துணி. காலை பதினோரு மணி வெயில் வாசலோடு நின்றுவிடும். உள்ளே எந்நேரமும் இருட்டு, காயாத துணியின் வாடை. பேசினால் சொல் வாயருகிலேயே செத்து விழும்.

வீடியோ கேம்களுக்கு வசனம் எழுதுவது அவர் பிழைப்பு. கதாநாயகனுக்கு எழுதப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். இவருக்கு வாய்த்தது துணைப்பாத்திரங்கள். கடைக்காரர், காவலாளி, கிணற்றடியில் நிற்பவள். போன விளையாட்டில் இவருடைய கடைக்காரர், கடை பற்றி எரியும்போதும் "வாருங்கள் வீரரே, தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று புன்னகையோடு கேட்டார். விளையாடியவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "மரக்கட்டைக்கு வாய் வைத்தால்கூட இதைவிட நன்றாகப் பேசும்" என்று ஒருவர் எழுதியதை வசனக்காரரே நாலு பேருக்கு அனுப்பிவைத்தார். தன்னைத் தானே முதலில் அடித்துக்கொண்டால் அடுத்தவன் அடி லேசாக விழும் என்பது அவர் கொள்கை. லேசாக விழவில்லை. இந்தத் தடவையும் துணைப்பாத்திரங்களுக்கு உயிர் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் இந்தத் தடவை அவர் எழுதவில்லை. எடுத்துவிட்டார்.

அக்காவிடமிருந்து.

அக்கா வேறு ஊரில் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்வாள். இவர் போனை மேசைமேல் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, தட்டச்சு செய்துகொண்டே நடுநடுவே "ம்" கொட்டுவார். ஒருநாள் அவள் பேச்சில் இருந்த உயிர் சட்டென்று காதில் உறைத்தது. உடனே பதிவுப் பொத்தானைத் தட்டினார். அதன்பின் தினமும் தட்டினார். அக்கா பேசியதை அவர் கேட்டார் என்று சொல்ல முடியாது, பதிவு செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா" என்று முடிப்பாள். "வரேன்க்கா" என்பார். போனது ஒரே தடவை. அவளைப் பாடையில் தூக்கும்போது.

கூடத்தில் 'கூட்டம்' காத்திருந்தாள். அந்தப் பின்னணிக் குரல்காரிக்கு அதுதான் பட்டப்பெயர். ஒரு சந்தையின் இரைச்சல் மொத்தத்தையும் ஒற்றை ஆளாகப் பேசிவிடுவாள்.

"வாங்க வசனம். இந்தத் தடவை யாரு கடை எரியுது?"

"என் பொழப்புதான்."

பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒலிக்காரர் சிரித்தார். கூட்டம் சிரிக்கவில்லை. தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பாலத்துக்காரிய நெஜமாவே நீங்கதான் எழுதினீங்களா? ஒரு பொம்பள பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"மண்டைய ஒடச்சு எழுதினேன்" என்றார்.

எங்கோ ஒரு மூச்சு நின்றதுபோல் இருந்தது. குளிர்சாதனம் என்று நினைத்துக்கொண்டார்.

விளையாட்டில் பாலத்தின் முனையில் ஒரு சின்ன அறை. ஜன்னலுக்குப் பின்னால் அந்தப் பெண். வீரன் வந்து பேசினால் கதவைத் திறந்துவிடுவாள். பேசாமல் நின்றால், சும்மா இருக்கக் கூடாதே என்று அவளாக ஏதாவது சொல்லவேண்டும். அதற்குப் பெயர் காத்திருப்பு வரி. பத்து நொடி நின்றால் ஒன்று, அரை நிமிடம் நின்றால் ஒன்று, ஒரு நிமிடம் நின்றால் ஒன்று. மூன்று போதும். அதற்குமேல் எந்த வீரனும் ஒரு துணைப்பாத்திரத்துக்காக நிற்கமாட்டான் என்பது தொழில் அனுபவம்.

கூட்டம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போய் மைக் முன் உட்கார்ந்தாள். வசனக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"வந்துட்டியா? நில்லு, மூஞ்சிய நல்லாக் காட்டு."

முதல் வரி. ஒலிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சாப்பிட்டியா, இல்ல வழக்கம்போல நின்னுக்கிட்டே முழுங்கினியா?"

இரண்டாவது. குரல் கூட்டத்தினுடையதுதான். மூச்சு மட்டும் வேறு யாருடையதோ.

"பேச ஒண்ணும் இல்லன்னா பரவால்ல. சும்மா நில்லு."

மூன்றாவது. மல்லாந்து படுத்திருக்கிறவளின் குரல்.

"பிரமாதம் மேடம்" என்றார் ஒலிக்காரர். கூட்டம் வெளியே வந்து, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தாள். "தொண்டையெல்லாம் வறண்டுபோச்சு. மூணே வரிதானே பேசினேன்?"

அப்போது திரையில், மைக்கில் குரல் விழுந்தால் மட்டும் அசையும் பச்சைக்கோடு துள்ளியது.

கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி காலி.

"இன்னும் நிக்கறியா?"

கூட்டம் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். "நான் இங்க இருக்கேன்" என்றாள், யாரோ அவளைக் குற்றம் சாட்டியதுபோல.

"தண்ணி டம்ளர் எட்டலடா. விரல் நுனிதான் பட்டுச்சு."

ஒலிக்காரர் தாளைத் தலைகீழாகப் புரட்டினார். "அண்ணே, இது எந்தப் பக்கத்துல வருது?"

"இதுல இல்ல."

"ஏழு தடவ அடிச்சேன் உனக்கு."

அக்கா போன அன்று தவறிய அந்த ஏழு அழைப்புகளை வசனக்காரர் யாரிடமும் சொன்னதில்லை. போனிலிருந்தே அழித்திருந்தார்.

"யாரு அது?" கூட்டம் கிசுகிசுத்தாள்.

"எங்கக்கா. அவ பேசினதத்தான் எழுதிக் குடுத்தேன்."

"எடுத்துக்கட்டுமான்னு அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இல்ல."

"போங்க. உள்ள போய்ப் பேசுங்க."

"என்னன்னு பேச?"

"வசனக்காரர் நீங்கதானே."

போனார். தடித்த கதவு பின்னால் சாத்திக்கொண்டது. தன் ரத்தம் ஓடும் சத்தமே காதில் கேட்கிற அமைதி. முகப்பவுடரும் மருந்தும் வியர்த்த மெத்தையும் கலந்த வாடை. திருடன், தளபதி, குதிரைக்காரன் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த மனுஷனுக்குத் தன் வாயில் வைத்துக்கொள்ள ஒரு வரி இல்லை.

"அக்கா" என்றார்.

யாரோ காது கொடுத்துக் கேட்டார்கள். அது தெரிந்தது.

பழக்கதோஷம், நாக்கு முந்திக்கொண்டது. "வரேன்க்கா."

"எப்ப?"

ஆறு மாதத்தில் ஒருநாள்கூட அவள் அதைக் கேட்டதில்லை. கேட்டால் தம்பிக்குச் சங்கடம் என்று விட்டிருப்பாள்.

அவர் கதவைத் தள்ளித் திறந்தார். வெளியே வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் அழிச்சிடலாம்ணே. நான் வேற நாள் தரேன், நீங்க புதுசா எழுதுங்க" என்றார் ஒலிக்காரர். விரல் அழிக்கும் பொத்தான் மேல் இருந்தது.

வசனக்காரர் திரையைப் பார்த்தார். அந்த மூன்று வரிகளில் அவ்வளவு உயிர் இருந்தது. அப்படி எழுத இந்த ஜென்மத்தில் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரியும்; தன் திறமையைப் பற்றி அவருக்கு ஒருபோதும் மயக்கம் இருந்ததில்லை.

"முதல் மூணு இருக்கட்டும்" என்றார். "மிச்சத்த மட்டும் அழிங்க."

கூட்டம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இனிமே அந்தப் பொம்பளைக்குக் குரல் குடுன்னு என்னக் கேக்காதீங்க" என்றாள். போகும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. பாலத்துக்காரியை எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த வேலையும் உங்களுக்குத்தான் என்று நிறுவனத்தில் கை கொடுத்தார்கள். விமர்சனங்களை அவர் ஆசையாகப் படித்தார்.

"ஒரு மணி நேரம் அவள் ஜன்னலடியில் நின்றேன். சொன்னதை ஒருமுறைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. எத்தனை வரி எழுதியிருப்பார்கள்!"

மூன்று.

"அழுதுவிட்டேன். எப்ப வருவே என்று கேட்கிறாள். பதில் சொல்ல வழியே வைக்கவில்லையே, ஏன்?"

அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில், தன் இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, விளையாட்டின் பாத்திரங்களுக்கு உருவம் செய்யும் பெண் நிறுவனத்திலிருந்து போன் செய்தாள்.

"சார், பாலத்துக்காரியக் காணோம்."

"காணோம்னா?"

"யாரு வெளையாடினாலும் அந்த ரூம் காலியா இருக்கு. ஜன்னல் தெறந்து கெடக்கு. பாலத்து மேல யாரோ போன மாதிரி ஈரம்." அவள் குரல் இறங்கியது. "எப்படி சார் போக முடியும்? ஜன்னலுக்குக் கீழ யாரு பாக்கப்போறாங்கன்னு இடுப்பு வரைக்கும்தான் செஞ்சோம். அவளுக்குக் காலே கெடையாது."

வசனக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

படிக்கட்டில் சத்தம்.

காலடி இல்லை.

ஈரமான உள்ளங்கை கல்லில் பதிகிற சத்தம். பின்னாலேயே துணி இழுபடுகிற சத்தம். மறுபடி உள்ளங்கை.

முதல் மாடி. மூச்சு வாங்குவதற்காக நின்றது.

இரண்டாவது மாடி.

கதவைப் பூட்டியிருக்கலாம். சாவி கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, கதவை அகலத் திறந்தார்.

வெளியே யாரும் இல்லை. வெயில் மட்டும்.

படிக்கு இரண்டாக ஈரக் கைத்தடங்கள். கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. கடைசி இரண்டு மட்டும் இன்னும் பளபளத்தன. அவை அவர் காலுக்குப் பக்கத்தில், வாசற்படிக்கு உள்பக்கம் இருந்தன.

முதுகுக்குப் பின்னால், அவருடைய கட்டில் மெல்ல முனகியது. நெடுந்தூரம் வந்த யாரோ ஒருவர் அப்பாடா என்று சாய்ந்து படுத்ததுபோல.