சாரலில் அடம்பிடித்த பெட்டி

ஆவுடைத்தாயின் அப்பா நம்பிராஜன் தென்காசி ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. வாரத்தில் ஆறு நாள் அவர் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் தச்சராகிவிடுவார்.

அந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ரம்பம், உளி, உளியைத் தட்டும் கொட்டாப்புளி, பலகையைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து பொழுது சாய்கிற வரை தட்டிக்கொண்டே இருப்பார். ஆசை நிறைய இருந்தது. கைதான் சொன்னபடி கேட்கவில்லை.

முதலில் ஒரு ஸ்டூல் செய்தார். அதற்கு நான்கு கால்கள். அதில் மூன்றுதான் தரையைத் தொட்டன. அடுத்து ஒரு எலிப்பொறி செய்தார். எலி உள்ளே போய்த் தேங்காய்ச் சில்லைத் தின்றுவிட்டு, வந்த வழியே நிதானமாகத் திரும்பிப் போனது. அதற்கடுத்து அடுக்களையில் ஒரு பலகைத் தட்டு அடித்தார். அது ஊறுகாய் ஜாடியோடு கீழே வந்துவிட்டது.

"உங்க அப்பா கையில உளி கிடைச்சா வீட்டுல எதுவும் மிஞ்சாது" என்று அம்மா சொல்வாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வயது ஆவுடை மட்டும் சிரிக்க மாட்டாள். அவளுக்கும் சிரிப்பு வரும்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொள்வாள்.

அந்த வருடம் சித்திரை மாதத்தில் முருகம்மாள் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. முருகம்மாள் அப்பாவின் ஒரே தங்கை. "தங்கச்சி நகை வைக்க நானே ஒரு பெட்டி செய்யப்போறேன்" என்றார் அப்பா.

அம்மா ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

இந்த முறை அப்பா அவசரப்படவே இல்லை. நல்ல பலாப் பலகையாகப் பார்த்து வாங்கினார். இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது மாதிரி பலகை முனைகளைக் கோத்து, வச்சிரப் பசை தடவி ஒட்டினார். மூடியைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற மாதிரி, அது ஓடுவதற்கு நீளப் பள்ளமாகக் காடி வெட்டினார். உப்புத்தாளால் தேய்ப்பது ஆவுடையின் வேலை. அவள் தேய்த்த தேய்ப்பில் பலகை கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல் ஆனது.

கடைசியில் பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார் அப்பா. மஞ்சள் பலகை தேன் நிறத்தில் பளபளத்தது. நான்கு கை பூசியதும் பாலிஷ் தீர்ந்துபோனது.

"உள்ள பூசலியே அப்பா?" என்று கேட்டாள் ஆவுடை.

"உள்ள யாரு பாக்கப்போறா?" என்றார் அப்பா. மூடியைத் தள்ளி மூடினார். "பாத்தியா? காத்துகூட நுழையாது!"

உண்மைதான். மூடி அவ்வளவு கச்சிதமாக இருந்தது. அம்மாவே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றாள். அன்று அப்பா ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கல்யாணம் ஆனி மாதம், குற்றாலத்தில். வீட்டார் எல்லோரும் மூன்று நாள் முன்னதாகவே குற்றாலத்துக்கு வந்து, ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கினார்கள். நல்ல சாரல் காலம். மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பொடிப்பொடியாய்த் தூறிக்கொண்டே இருந்தது. கொடியில் போட்ட துணி காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு கசிந்தது. அத்தையின் கல் அட்டிகையும் ஜிமிக்கியும் பலாப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், நகைகளைத் துடைத்து வைக்கலாம் என்று அத்தை பெட்டியை எடுத்தாள். மூடியை இழுத்தாள். அது அசையவில்லை.

"அண்ணாச்சி, இது திறக்க மாட்டேங்கு!"

அப்பா வந்து இழுத்தார். அம்மா இழுத்தாள். பிறகு சுந்தரபாண்டியன் மாமா வந்தார். அவர் அம்மாவின் அண்ணன், போலீஸில் ஏட்டு. பெரிய மீசை, பெரிய குரல். "தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று அப்பாவைப் பெட்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மூடியை இழுத்தார். கை வழுக்கியது. மாமா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாக மல்லாந்து விழுந்தார்கள். பெட்டி நடுவில் மூடியபடியே கிடந்தது.

"விறகு வெட்டுத கோடாலி எங்க?" என்று மாமா எழுந்தார். "ரெண்டு போடு போட்டா தானா திறக்கும்."

"மச்சான், வேண்டாம்!" அப்பா பெட்டியின் மேல் கையை வைத்து மறித்தார். "ரெண்டு மாசமா செஞ்சது."

"நாளைக்குக் காலையில முகூர்த்தம், மச்சான். பொண்ணு வெறுங்கழுத்தோட மணையில உக்காரவா?"

அத்தையின் கண்கள் நிறைந்துவிட்டன. அண்ணன் ஆசையாகச் செய்த பெட்டியை உடைக்கச் சொல்லவும் அவளுக்கு மனசில்லை. நகையில்லாமல் உட்காரவும் முடியாது. அப்பாவோ தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடை பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் ஒரே நல்ல வேலை இதுதானே!

தென்காசியில் எப்படித் திறந்தது? இங்கே ஏன் திறக்கவில்லை? அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இந்த வீட்டின் ஜன்னல் கதவும் நேற்றிலிருந்து சாத்த முடியாமல் இறுகிக் கிடந்தது. அடுக்களையில் அம்மா வாங்கி வைத்த அப்பளக்கட்டு நமுத்து வளைந்திருந்தது.

"அப்பா, பெட்டி சாரலைக் குடிச்சு உப்பிப்போச்சு! உள்ளதான் பாலிஷே போடலியே. அந்த வழியாத்தான் குடிச்சிருக்கு. காஞ்சா திறந்துரும்."

அப்பா நிமிர்ந்தார். "ஆமாட்டி. சரியாத்தான் சொல்லுத."

"அப்ப அடுப்புப் பக்கத்துல வைப்போம்" என்றாள் அம்மா.

"ஐயோ, சூட்டுல அரக்கு இளகிரும். பசையும் விட்டுரும். வெயில்ல நேரா வச்சாலும் பலகை வெடிச்சிரும். நிழல்லயே இருக்கணும், ஆனா நல்ல காஞ்ச காத்து வேணும்" என்றார் அப்பா.

"குத்தாலத்துல ஆனி மாசம் காஞ்ச காத்தா? நல்லா இருக்கு கதை" என்றார் மாமா.

வாசலில் வண்டிக்காரர் சொரிமுத்து வில்வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். கீழப்பாவூருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர மாமா அதில்தான் கிளம்ப இருந்தார். ஆவுடை வெளியே ஓடினாள்.

"சொரிமுத்து அண்ணாச்சி, கீழப்பாவூர்ல மழையா?"

"மழையா? அங்கன வெயிலு மண்டையப் பிளக்கு. காத்து ஆளைத் தள்ளுது. நேத்து என் தலப்பாவே பறந்துபோச்சு."

ஆவுடை துள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "மாமா, நானும் வாரேன். பெட்டியும் வருது!"

மாமா மீசையைத் தடவினார். நகை இருக்கிற பெட்டியை அவர் கண்ணைவிட்டு விடவே மாட்டார். அது தன்னோடு வருவதில் அவருக்கும் சம்மதம்தான். "சரி. அங்கன இருந்து கிளம்புத வரைக்கும் பாப்பேன். திறக்கலன்னா அங்கனயே உடைப்பேன். மாப்பிள்ளை வீட்டுல யாருக்கும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா மானம் போயிரும்."

வண்டி கிளம்பியது. தென்காசி தாண்டியதும் தூறல் நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வானம் வெளுத்தது. பிறகு புழுதியோடு காற்று வந்தது. வண்டிக் கூண்டின் நிழலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, காற்று எல்லாப் பக்கமும் படும்படி ஆவுடை திருப்பித் திருப்பிக் காட்டினாள். மாமா வழி நெடுக மூடியை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மாமா, சும்மா இருங்க. அது காயட்டும்."

"எத்தனையோ திருடனை வாயைத் திறக்க வச்சிருக்கேன். இது திறக்க மாட்டேங்குதே!" என்றார் மாமா.

கீழப்பாவூரில் வண்டியை ஒரு வேப்பமரத்து நிழலில் அவிழ்த்துப் போட்டார்கள். காற்று ஓவென்று அடித்தது. பெட்டியை வண்டியின் மேல் வைத்துவிட்டு ஆவுடை பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மாமா கைதியைக் காவல் காப்பதுபோல் நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா வள்ளித்தாய் மோர் கொண்டுவந்தாள். "உள்ள வராம இங்கன என்ன செய்யுதீக? பெட்டியில என்ன?"

"அது... பெட்டிதான்" என்றார் மாமா. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பொய் சொல்கிறவர்களைப் பிடித்துத்தான் அவருக்குப் பழக்கம். சொல்லிப் பழக்கமில்லை.

ஆவுடைக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வள்ளித்தாயின் முகமும் நல்ல முகமாக இருந்தது. "எங்க அப்பா அவங்க கையால செஞ்ச பெட்டி, ஆச்சி. உள்ள அத்தை நகை இருக்கு. சாரல்ல மூடி உப்பிக்கிட்டு. உங்க ஊர்க் காத்துல காய வைக்கத்தான் கொண்டுவந்தோம்" என்றாள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வள்ளித்தாய் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். "தங்கச்சிக்குத் தன் கையால செஞ்சாராக்கும்!" என்றாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஊர்க் காத்துல அப்பளம் தொட்டா நொறுங்கும். வச்சுக் காய விடு தாயி. பொறுமையாக் கிளம்பலாம்."

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். மானம் எங்கும் போகவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. வண்டிகள் பூட்டியாயிற்று. ஆவுடை மூடியை இழுத்தாள். ஒரு நூல் அளவு நகர்ந்தது. மறுபடி நின்றுவிட்டது.

"நேரமாச்சு ஆவுடை" என்றார் மாமா. அவர் கையில் எங்கிருந்தோ ஒரு கடப்பாரை வந்திருந்தது. அவர் குரலும் இப்போது பெரிதாக இல்லை. "என்ன செய்ய? நகை வேணும்லா."

ஆவுடைக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். இழுத்தால்தானே வரவில்லை? இழைப்புளிக்குள் இறுகிக் கிடக்கும் இரும்பு அலகை எடுக்க அப்பா என்ன செய்வார்? இழுக்கவே மாட்டார். இழைப்புளியின் பின்பக்கத்தில் தட்டுவார். தட்டிய பக்கமாக அலகு தளர்ந்து வரும்.

"சொரிமுத்து அண்ணாச்சி, சாட்டைக் கம்பைக் குடுங்க!"

மூடி வெளியே வருகிற பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினாள். மூடிக்குக் கீழே இருந்த பலகையில், துணியைச் சுற்றிய கம்பால் தட்டினாள். டொக். ஒன்றுமில்லை. டொக். மூடி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. டொக், டொக். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது!

உள்ளே அட்டிகையின் சிவப்புக் கற்கள் மின்னின. வள்ளித்தாய் கை தட்டினாள். மாமா கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"கெட்டிக்காரிட்டி நீ! சரி, மூடு, கிளம்புவோம்."

"மூடுனா குத்தாலத்துல போயி மறுபடியும் அடம்பிடிக்கும் மாமா. மூடி தனியாத்தான் வரணும். உங்க பையில மெழுகுவர்த்தி இருக்கா?"

இருந்தது. ஈரம் ஏறாமல் இருக்க, மூடியின் ஓரத்திலும் காடியிலும் ஆவுடை மெழுகை அழுத்தித் தேய்த்தாள். மூடியைத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திறந்த பெட்டியின் மேல் தன் துண்டைப் போர்த்தி, மாமா அதைக் குற்றாலம் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டிகள் வந்து சேர்ந்தன. அப்பா தூறலில் நனைந்தபடி வாசலிலேயே நின்றார். துண்டை விலக்கியதும் அத்தை நகையைப் பார்த்தாள். அப்பா பெட்டியைப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் ஆவுடையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என் மேலதான் தப்பு" என்றார். "கோடையில காத்து நுழையாம செஞ்சேன். சாரல்ல பலகை எங்க போகும்? கொஞ்சம் இடம் விட்டிருக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். சுருட்டி வைத்த ஜமக்காளத்துக்குள் கையை விட்டு இழைப்புளியை எடுத்தார்.

"கல்யாண வீட்டுக்கு இழைப்புளியா!" என்று அம்மா வாயில் கை வைத்தாள். ஆனாலும் அவர் மூடியின் ஓரத்தை மெல்லச் சீவி முடிக்கிற வரை அவளேதான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை, வெளியே சாரல் கொட்டியது. பெண்கள் சுற்றி நிற்க, முருகம்மாள் அத்தை ஒற்றை விரலால் மூடியைத் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது. "நம்ம மருமக அண்ணன் தன் கையால செஞ்சது!" என்று வள்ளித்தாய் எல்லோரிடமும் காட்டினாள். அப்பா தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆவுடை பார்த்தாள்.

பந்தி முடிந்ததும் மாமா மெதுவாக வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"மச்சான், என் போலீஸ் தொப்பி வைக்க ஒரு பெட்டி செஞ்சு தாருமே."

அப்பா வெற்றிலையை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். அவரிடம் ஒருவர் ஒன்றைச் செய்து தரும்படி கேட்டது இதுதான் முதல் தடவை. "தாரேன் மச்சான்! வெளிய நாலு கை பாலிஷ், உள்ள நாலு கை பாலிஷ்."

"உள்ளயுமா? உள்ள யாரு பாக்கப்போறா?" என்றார் மாமா.

அப்பா ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை அப்பாவைப் பார்த்தாள்.

"சாரல் பாக்கும்!" என்றார்கள் இருவரும்.