வாயில் வராத பெயர்

"பொருள்?" என்றார் நடுவர்.

தேவசகாயம் பலகையில் வைத்த ஐந்து எழுத்துக்கட்டைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஸீபெக். மத்தியதரைக் கடல்ல ஓடுன, மூணு பாய்மரம் வச்ச கப்பல்."

அத்துடன் ஆட்டம் முடிந்தது. ஆங்கிலச் சொல்லாட்டத்தில் ஆசியக் கோப்பை தூத்துக்குடிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

காதுக்குப் பின்னால் பொத்தான் அளவில் ஒட்டிக்கொள்ளும் சொல்லேற்றி இல்லாமல் இப்போது யாரும் இந்த ஆட்டத்துக்கு வருவதில்லை. ஒரு வாரம் ஒட்டியிருந்தால் போதும், அகராதியின் மூலைமுடுக்குகளில் கிடக்கும் சொற்களெல்லாம் பொருளோடு மூளையில் ஏறிவிடும். ஆனால் ஏறுவதற்கு இடம் வேண்டுமே! மூன்று வருடமாக வாயில் வராத சொற்களை வேண்டாதவை என்று கருவி கழித்துவிடும். தேவசகாயத்துக்குப் பாகற்காய் என்ற சொல் அப்படித்தான் போனது. சர்க்கரைக்குச் சாப்பிடும்படி டாக்டர் சொன்ன காயின் பேர் தெரியாமல் அவர் சந்தையில் முழித்ததைச் சொல்லிச் சொல்லி மனைவி எஸ்தர் சிரித்தாள். மகள் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஒன்பது வயதில் காய்ச்சலில் போன மகள். நான்கு வருடமாக அவள் பேரை அவர் சொன்னதே இல்லை. எஸ்தர் பேச்செடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். சொன்னால் உடைந்துபோவோம் என்ற பயம். அவருக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஆங்கிலச் சொற்களிடம் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இந்த ஆட்டத்திலேயே விழுந்து கிடந்தார்.

கோப்பை வென்ற மறுநாள் ஞாயிறு, இறந்தவர்களுக்கான நினைவு ஆராதனை. அந்தச் சபையில் பெற்றவர் எழுந்து பேரைச் சொன்னால்தான் போதகர் ஜெபிப்பார். இதுவரை எஸ்தர்தான் சொல்லிவந்தாள். "இந்தத் தடவ நான் சொல்லுதேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் தேவசகாயம்.

எழுந்தார். மகளின் முகம் வந்தது. விழுந்த முன்பல்லை உள்ளங்கையில் வைத்து அவள் நீட்டியது வந்தது. பேர் மட்டும் வரவில்லை.

"சொல்லுங்கய்யா" என்றார் போதகர்.

அந்தப் பேர் இருந்த இடத்தில் எந்த ஆங்கிலச் சொல் உட்கார்ந்திருக்கிறதோ! தேவசகாயம் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து அவர் காதருகே போய், "ஷெரின்" என்றாள்.

"என்னது?"

"ஷெரின்ங்க... நம்ம பிள்ள பேரு."

"ஷெரின்" என்று சபை கேட்கச் சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை. அவர் வாயால் கேட்க ஏங்கிக் கிடந்த எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தனக்கும் அழுகை வரும் என்று தேவசகாயம் காத்து நின்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். யார் வீட்டுப் பிள்ளையின் பேரோ போல இருந்தது. போதகர் ஜெபத்தை ஆரம்பித்த பிறகும் அவர் உட்காரவில்லை. அந்தப் பேரை முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.